ஹாஸ்டலில் இருந்த நாத்தனார்

ஒரு ஆம்பிளையோடு மூன்று நிமிடம் பேசினால் போதும், அவன் எந்த சீரியலில் எந்தப் பாத்திரம் என்று சொல்லிவிடுவேன். இது பெருமை இல்லை, தொழில். திண்டிவனத்தில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் ஏழு வருடம் உட்கார்ந்தவள் நான். என் மேஜைக்கு எதிரே மூன்று டிவி ஓடிக்கொண்டே இருக்கும். எதிலாவது படம் நின்றால், ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவதற்குள் லைன்மேனை அனுப்பிவிட வேண்டும். மற்ற வீடுகளில் பெண்கள் சீரியல் பார்த்தால் திட்டு விழும். எனக்குப் பார்க்காவிட்டால்தான் முதலாளி மாசிலாமணியிடம் திட்டு விழும்.

இந்தக் கண்ணை வைத்துத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் கழித்துக்கட்டினேன். செஞ்சியிலிருந்து ஒருவர் வந்தார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தன் தங்கை முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொன்னார். தங்கை பேச்சைக் கேட்டுப் பெண்டாட்டியை நடு வீதியில் நிறுத்தும் அண்ணனை நான் எத்தனை சீரியலில் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் வைத்திருந்தது இரண்டு போன். அதில் ஒன்று அடித்ததும் எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போனார். அவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் அக்கா ருக்கு தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்பிடியே எல்லாரையும் டிவிக்குள்ள தள்ளிக்கினு இருந்தின்னா, உனக்குன்னு வெளியில எவனும் மிச்சம் இருக்க மாட்டான்டி பவானி."

அவள் சொன்னது பாதிதான். மீதிப் பாதியும் அவளுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பத்தொன்பது வயதில் ஒருவரோடு ஓடிப்போய், நாற்பதாம் நாள் திரும்பி வந்தவள் நான். மரக்காணம் பக்கத்தில் கடலோரம் இருக்கிற எங்கள் குப்பத்தில் அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா வீட்டோடு வந்தேன். இங்கே யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவதில் ஒரு சௌகரியம் இருந்தது.

தேவாவைப் பார்த்தது 2012ல், கரண்ட் கட் உச்சத்தில் இருந்த சமயம். செட்டாப் பாக்ஸ் விளம்பரத்துக்கு விழுப்புரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் போர்டு கொடுத்திருந்தார் முதலாளி. அச்சடிக்கும் முன் சரிபார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். கம்ப்யூட்டரில் பார்த்தால் நடுவில் முதலாளி படம், சுற்றிலும் பூ, மேலே இரண்டு புறா.

"எங்க மொதலாளி இன்னும் உசுரோடதாங்க இருக்காரு," என்றேன்.

கடைக்காரர் ஒரு முறை படத்தைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். "புறாவ எடுத்துடறேங்க. பூவயும் எடுத்துடறேன்," என்றார். அவர்தான் தேவா.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மணி இரண்டு. மூலையில் இருந்த சின்ன டிவியைப் பார்த்து அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "போச்சு. இன்னிக்கி சாருமதி கோர்ட்டுக்குப் போறா."

'நாலாம் வீட்டு மருமகள்' ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருந்த மத்தியான சீரியல். சாருமதி அதன் கதாநாயகி. முப்பத்தைந்து வயது ஆம்பிளை ஒருவர் கூச்சமே இல்லாமல் அவளுக்காகக் கவலைப்பட்டு அன்றுதான் பார்த்தேன். அவர் எந்தப் பாத்திரம் என்று யோசித்தேன். மூன்று நிமிடம் போய் அரை மணி நேரம் ஆகியும் பிடிபடவில்லை.

போர்டை வாங்க மறுபடி போனபோது டீ வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"மொதல்லியே சொல்லிடறேங்க. எனக்குக் கல்யாணம் ஆச்சு, ரெண்டு வருசத்துல தீர்ந்தும் போச்சு. அவளுக்கு அந்த சீரியல்னா உசுரு. ரகுநந்தன் மாரி நீங்க ஏன் ஒக்காந்து கேக்க மாட்டேன்றீங்க, ரகுநந்தன் மாரி ஏன் பேச மாட்டேன்றீங்கன்னு தெனம் அதே பேச்சு. ஒரு நாள் பொட்டியக் கட்டிக்கினு வளவனூருக்கு அவுங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டேன். 'நீங்க நல்லவருதான்'னா. அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்லல."

ரகுநந்தன் என்பவன் சாருமதியின் புருஷன். பொறுமைக்கே பிறந்தவன்.

"அப்புறம் ஏன் அதே சீரியலப் பாக்குறீங்க?"

"யாருய்யா இந்த ரகுநந்தன், அப்பிடி இன்னாதான் பண்ணிக் கிழிக்கிறான்னு பாக்கலாம்னு ஒக்காந்தேன். அஞ்சு வருசம் ஆச்சு, எழுந்திருக்க முடியல."

நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. அந்த இடத்திலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. இவ்வளவு வெள்ளையாக ஒருவர் தன் கதையைச் சொன்னால் பதிலுக்கு நம் கதையைச் சொல்வதுதான் மரியாதை. நான் "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

விழுப்புரத்தில் அவர் கடைப் பக்கம் இரண்டிலிருந்து மூன்று மணி வரை கரண்ட் இருக்காது. எங்கள் பக்கம் மூன்று மணிக்குத்தான் போகும். ஆகவே தினமும் இரண்டரைக்கு சீரியல் முடிந்ததும் நான் போன் செய்து அன்றைய கதையை அவருக்குச் சொல்வது என்று ஆனது. மிஷின் ஓடாது, அவருக்கும் வேலை இல்லை. நான் நன்றாகவே சொல்லுவேன். அழுகையை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு வில்லி வரும் இடத்தில் நிதானமாக நிற்பேன். டிவியில் பார்ப்பதைவிட இது நல்லா இருக்கு என்றார். பிறகு கதை பத்து நிமிடமும் எங்கள் பேச்சு இருபது நிமிடமுமாக மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பஸ் ஏறித் திண்டிவனம் வர ஆரம்பித்தார்.

ஒரு நாள் சீரியலில் சரக்கே இல்லை. சாருமதி கோர்ட்டு வராந்தாவில் நடந்தாள், நின்றாள், திரும்பி நடந்தாள். அதோடு முடிந்தது.

"அப்புறம்?" என்றார் தேவா.

ரகுநந்தனுக்குத் திவ்யா என்று ஒரு தங்கை உண்டு. ஹாஸ்டலில் படிக்கிறாள் என்று ஏழு வருடமாகச் சொல்வார்கள், ஒரு நாளும் கண்ணில் காட்டியதில்லை. எந்தக் காலேஜில் ஏழு வருடம் படிக்க வைக்கிறார்கள் என்று நாங்கள் இருவரும் கிண்டல் செய்திருக்கிறோம். அன்று என் வாய் தானாகச் சொன்னது: "திவ்யா வந்துட்டா."

"எந்த திவ்யா? ஹாஸ்டல் திவ்யாவா?"

"ஹாஸ்டல்ல எங்க இருந்தா அவ. எவன் கூடவோ ஓடிப்போயிருந்தாளாம். நாப்பது நாள் கழிச்சி பொட்டியோட வாசல்ல வந்து நிக்கிறா."

"வூட்டுல சேத்துக்கினாங்களா?"

"தெரியலங்க. அங்கயே நிறுத்திட்டான்."

ஒரே ஒரு நாள், இந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். இருபத்திரண்டு நாள் போனது. சாருமதியின் கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டு திவ்யாவுக்கு வருவேன். அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை, பக்கத்து வீட்டுக்காரி இவளைப் பார்த்ததும் தன் பெண்ணை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள், அப்பா இவள் இருக்கும் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டார். எதையும் நான் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்காவது நாள் அவர் சொன்னார்: "திரும்பி வர்றதுன்னா எதுக்குங்க போவணும்? பொறந்த வூட்டுக்கும் பேஜாரு, போன வூட்டுக்கும் பேஜாரு."

சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வீட்டில் அக்கா போட்ட சோறு அது. மறுநாள் மத்தியானம் நான் போன் செய்வதற்கு முன்னால் அவரே செய்தார்.

"நேத்து நான் சொன்னது தப்புங்க. யோசிச்சிப் பாத்தேன். ஓடிப்போறதுக்கு ஒரு பஸ்ஸு இருந்தா போதும். திரும்பி வர்றதுக்குத்தாங்க தைரியம் வேணும்."

கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். அவர் அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "ஆமா, ஏன் திரும்பி வந்தாளாம்?"

"அவன் குடிக்கிறானாம்," என்றேன். அந்தப் பொய் எனக்கு எவ்வளவு லேசாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். முன்பே ஒரு தடவை சொன்ன பொய் அல்லவா. அன்றிலிருந்து தேவா அந்தக் குடிகாரனைத் தினமும் ஒரு கை பார்த்தார். அவர் திட்டத் திட்ட எனக்கு உள்ளே குத்தியது. ஏன் குத்துகிறது என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

மாதக் கடைசியில் கரண்ட் கட் நேரம் மாறப்போகிறது என்று பேப்பரில் வந்தது. திங்கட்கிழமை ஒன்றாம் தேதியிலிருந்து விழுப்புரத்தில் இரண்டு மணிக்குக் கரண்ட் இருக்கும். தேவா தன் கண்ணாலேயே சீரியலைப் பார்ப்பார், திவ்யா ஹாஸ்டலில்தான் இருப்பாள். பொய்க்காரி என்று அவர் கண்டுபிடித்து நிற்பதைவிட நானே சொல்லிவிடுவது என்று துணிந்தேன். எனக்கு இனி இன்னொரு தேவா கிடைக்க மாட்டார் என்பது நன்றாகத் தெரிந்தே துணிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஜூஸ் கடை. சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"பத்தொம்பது வயசுல நான் ஒருத்தரு கூட ஓடிப்போயிட்டேங்க. திருப்பூருக்கு. நாப்பது நாள் இருந்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

அவர் சிரித்தார். "திவ்யா மாரியா?"

"திவ்யா இல்லீங்க. நான்தான்."

சிரிப்பு நின்றது. புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அவர் புரிந்துகொண்டது வேறு.

"தோ பாருங்க பவானி, இப்பிடித்தான் என் பொண்டாட்டியும் ஆரம்பிச்சா. சாருமதி அழுதா இவளும் அழுவா. சாருமதிக்குப் புருசன் மேல கோவம்னா அன்னிக்கி எனக்குச் சோறு கெடையாது. ஓடிப்போனது, நாப்பது நாளு, அப்பிடியே அந்தப் பொண்ணு கதைய எடுத்து உங்க மேல போட்டுக்கினா எப்பிடிங்க? எனக்கு ஒரு தடவ ஆயிடுச்சி. இன்னொரு தடவ என்னால முடியாதுங்க."

ஒன்பது வருடமாக ஒருவரிடமும் திறக்காத வாயைத் திறந்திருக்கிறேன், அது சீரியல் கதை என்கிறார் மனிதர். உலகத்தில் வேறு எவளுக்காவது இப்படி நேர்ந்திருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஜூஸ் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"திவ்யா இன்னும் ஹாஸ்டல்லதாங்க இருக்கா. சீரியல்ல அவ வரவே இல்ல. இருவத்திரண்டு நாளா சொன்னது அத்தினியும் என் கத. நாளைக்கி ரெண்டு மணிக்கு உங்க ஊர்ல கரண்ட் இருக்கும், நீங்களே பாத்துக்குங்க."

அவர் கிளாசைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு நாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"அன்னிக்கி பேஜாருன்னு சொன்னனே."

"ஆமா."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேங்க."

"நேரா சொல்லியிருந்தா நீங்க நெனச்சத சொல்லியிருக்க மாட்டீங்க. மரியாதைக்கி எதுனா சொல்லிட்டு பஸ் ஏறியிருப்பீங்க."

அது நியாயம் என்பது போலத் தலையாட்டினார். அதோடு நான் நிறுத்தியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். அவர் ஏற்கெனவே என் பக்கம் வந்துவிட்டார். "அந்தக் குடிகார நாயால உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அவரு குடிக்க மாட்டாருங்க," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயர் பார்த்திபன். மரக்காணத்தில் ஐஸ் பேக்டரியில் வேலை. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ஓர் அமாவாசைக் கூட்டத்தில் தாலி கட்டினார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. என் துணியையும் சேர்த்து அவரே துவைப்பார். சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று நாளுக்குப் பத்து தரம் கேட்பார். மூன்றாவது வாரம் அவர் துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பியைப் பார்த்துக்கொள்வது போல இருந்தது, புருஷன் என்று மனதில் ஒட்டவே இல்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னேன். அழுதார். அவரே என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்.

குப்பத்தில் பஞ்சாயத்து கூடியது. "குடிச்சானா, அடிச்சானா, வேற பொண்ணு வச்சிருந்தானா? மூணுல ஒண்ணச் சொல்லு, தீர்த்து வுட்டுடறோம். ஒண்ணும் இல்லன்னா அவன் கூடவே போய் வாழு," என்றார்கள். பிடிக்கவில்லை என்பது அந்த மூன்றில் இல்லை. நான் குடி என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் ஊரைவிட்டே போய்விட்டார்.

தேவா கிளாசை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார். "அவரு இப்ப எங்க இருக்காரு?"

"தெரியாதுங்க."

"எப்பிடி இருக்காருன்னாவது விசாரிச்சீங்களா?"

"இல்ல."

"ஒம்பது வருசமாவா?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன மனிதரின் முகத்தை அன்றுதான் நான் பார்த்தேன். அதுவரை அவர் அதை வேடிக்கையாகவே சொல்லி வந்திருந்தார்.

"ஒரு காரணம்கூட சொல்லாம போனாளேன்னு அஞ்சு வருசமா அவளத் திட்டிக்கினு இருந்தேங்க," என்றார். "பொய்க் காரணம் சொல்லாம போனாளே, அது எவ்ளோ பெரிய விசயம்னு இப்பத்தான் தெரியுது."

வர்றேங்க என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார். போன் பண்றேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு போன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஊரில் உள்ள ஆம்பிளைகளுக்கெல்லாம் பாத்திரம் பிரித்துக் கொடுத்தவள், எனக்கு எது என்று அந்த இரண்டு நாளில்தான் பார்த்தேன். சாருமதி இல்லை, திவ்யாவும் இல்லை. ஒரு நல்ல மனிதனைச் சபையில் நிறுத்திப் பொய் சொன்னவளுக்கு சீரியலில் என்ன பெயரோ அதுதான். தேவா திரும்பி வருவாரோ மாட்டாரோ, அந்தப் பெயரோடு இனி ஒரு நாளும் இருக்க முடியாது என்று தோன்றியது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் குப்பத்துக்குப் போனேன். பார்த்திபனின் அம்மா கெங்கம்மாள் மணலில் மீன் காய வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். பஞ்சாயத்தில் சொன்னால் ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும், இங்கே சொன்னால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேரும். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன்.

"உங்க புள்ள குடிக்கல, அத்த. அன்னிக்கி நான் சொன்னது பொய்."

கெங்கம்மாள் நிமிரவில்லை. "பெத்தவ எனக்குத் தெரியாதா அது," என்றாள்.

"தெரிஞ்சா அன்னிக்கி ஏன் பேசாம இருந்தீங்க?"

"அவன்தான் பேசாதன்னான். 'நீ வாயத் தொறந்தா அந்தப் பொண்ண என்கூடவே அனுப்பி வச்சிடுவாங்கம்மா, அவளுக்குப் புடிக்கல, வுட்டுடு'ன்னான்."

அவள் எதிரே மணலில் உட்கார்ந்தேன். அன்று அவர் தலைகுனிந்து நின்றதை அவமானம் என்றே நினைத்திருந்தேன். நான் சொன்ன பொய்யை எனக்காகவே தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அத்த, இப்ப எங்க இருக்காரு?"

"நாகப்பட்டினத்துல. சொந்தமா மீன் புடிக்கிற போட்டு வச்சிக்கினு இருக்கான். ரெண்டு பொண்ணு. பெரியவ ஸ்கூலுக்குப் போறா." இப்போதுதான் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இத வந்து சொல்ல ஒனக்கு ஒம்பது வருசம் ஆச்சு. எழுந்து போ."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் நின்று தேவாவுக்கு போன் செய்தேன். அவர் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். லைன் இருக்கிறதா என்று இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தேன்.

"நல்லா இருக்காரா அவரு?" என்றார் கடைசியில்.

"நல்லா இருக்காராம். போட்டு வாங்கியிருக்காராம். ரெண்டு பொண்ணு."

"ரெண்டு பொண்ணா," என்று திரும்பச் சொன்னார். பிறகு சிரித்தார், அல்லது அழுதார், போனில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "அப்ப ஆவுது இல்லீங்க?"

"இன்னா ஆவுது?"

"ஒருத்தரு வேணாம்னு வுட்டுட்டுப் போனப்புறமும் ஒருத்தனால நல்லா இருக்க முடியுது இல்ல."

"ஆவுங்க," என்றேன். "ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வாங்க. எங்க அக்காகிட்ட நானே பேசறேன்."

வர்றேன் என்றார். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். எங்கே என்று கண்டக்டர் கேட்டபோது திண்டிவனம் என்று சொல்வதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னொரு தடவை கேட்க வேண்டியதாயிற்று.